கூப்பிடு தொலைவு

காலை ஆறு மணிக்குக் கைப்பேசி என்னைக்
கொரியாவுக்கு வரவேற்கிறது.
நான் நிற்பதோ சுஷிமாவின் வடமுனையில்,
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்,
நகராட்சி கொடுத்த ஆரஞ்சுக் கையுறை.
அபிரு இகுகோ, வயது ஐம்பத்துமூன்று.
கரை ஒதுங்குவதை எண்ணுவது என் வேலை.

நேற்றைய கணக்கு:
நீல டிரம் பதினாறு,
அக்கரையில் கடற்பாசி வளர்ப்பவர்கள்
அமிலம் ஊற்றி வைப்பது.
மிதவை நாற்பது.
செருப்பு ஒன்று; எப்போதும் போல இடது கால்.
நீரோட்டம் தெற்கிலிருந்து வருகிறது,
குளிர்காற்று வடமேற்கிலிருந்து.
இரண்டும் மடி உதறுகிற இடம் எங்கள் வளைகுடா.

போர்களும் அப்படித்தான் ஒதுங்கின.
மங்கோலியர் ஏறி வந்த கப்பல்களைக்
கொரியத் தச்சர்கள் இழைத்தார்கள்.
உனக்குச் சம்மதமா என்று
அவர்களை யாரும் கேட்டதில்லை.
முந்நூறு ஆண்டு கழித்து இதே நீரில்
எதிர்த்திசையில் எங்கள் படகுகள்.
திரும்பும்போது உப்பிட்ட மூக்குகள்,
ஜாடி ஜாடியாக.
என் பள்ளிப் புத்தகத்தில்
வந்ததற்கு ஒரு பக்கம்,
போனதற்கு ஒரு பத்தி.

இந்தத் தீவில் மலை உண்டு, காடு உண்டு,
நெல்லுக்குத்தான் தட்டையாக இடமில்லை.
அரிசி வேண்டுமானால் அக்கரை தயவு வேண்டும்.
ஆகவே எங்கள் பிரபுக்கள்
இரு அரசுகளின் கடிதங்களையும் நடுக்கடலில் பிரித்து,
ஒரு சொல்லைச் சுரண்டி, ஒரு முத்திரையைச் செதுக்கி,
மூடி அனுப்பினார்கள்.
நெல் விளையாத மண்ணில்
பொய் விளைந்தது.
அந்தப் பொய்யை உண்டுதான்
கொஞ்ச காலம் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

தம்பி தெத்சுரோவுக்கு ரேடார் குன்றில் பணி.
அவன் பார்ப்பது வடக்கு.
வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டான்.
எங்கோ ஓர் ஏவுகணை கிளம்பினால்
மேசையில் அவன் சோறு ஆறிப்போகும்,
எனக்குத் தெரிந்த இராணுவ இரகசியம் அவ்வளவே.

இன்று ஒரு மீன்பெட்டி.
பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் தொலைபேசி எண்.
முன்பு சுற்றுலாக்காரர்களுக்கு உதட்டுச்சாயம் விற்றவள் நான்;
விலையும் வானிலையும் பேசுமளவுக்குக்
கொரிய மொழி வரும்.
அழைத்தேன்.

பூசான், யோங்தோ, மா தல்-சூ.
பின்னால் பனிக்கட்டி உடைக்கும் சத்தம்.
"பெட்டியா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."
எனக்குக் கோபம். உங்கள் குப்பையை
முப்பது ஆண்டாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன்.
கொஞ்சம் அமைதி.
பிறகு, கேட்காமலே, மகனைப் பற்றிச் சொன்னார்:
சோர்வோனில், வேலியோரம், இன்னும் ஏழு மாதம்.
"வரைபடத்தில்தான் தீபகற்பம் அம்மா.
ரயில் ஏறினால் மகன் நிற்கும் இடத்தோடு சரி.
நீங்கள் தண்ணீரால் தீவு,
நாங்கள் முள்கம்பியால்."

இன்னும் நூறு மைல் அகலம் இருந்திருந்தால்
இந்தக் கடல் எங்களை மறக்க விட்டிருக்கும்.
பத்து மைல் மட்டும் என்றால்
சண்டையோ சம்பந்தமோ
எப்போதோ ஒன்றாக்கியிருக்கும்.
நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
சேர்ந்ததும் இல்லையே, என்ன செய்ய?
பேச எட்டாத, மறக்க முடியாத
ஐம்பது கிலோமீட்டர்.
இரவில் அவர்கள் ஊர் விளக்குகள் தெரியும்.
எங்கள் விளக்கு அங்கே தெரியுமா என்று
கேட்க நினைத்தேன். அதற்குள் அவருக்கு
ஏலத்துக்கு நேரமாகிவிட்டது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பொருள், எடை, நாடு.
பெட்டி, இரண்டு கிலோ என்று எழுதினேன்.
மூன்றாவதில் மா தல்-சூ, யோங்தோ என்று எழுதினேன்.
செல்லாது என்று அலுவலகம் திருப்பி அனுப்பும்.
அனுப்பட்டும்.
பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து
பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கொட்டினேன்,
யாருடைய தண்ணீரோ.