விடுபட்ட வரி

மைக்கூட்டில் மை உறைந்திருக்கும்.
அடுப்பருகே வைத்து இளக்கிய பிறகே
அன்றைய சமாதானம் தொடங்கும்.

பள்ளிக்கூடம்தான் மாநாட்டு மண்டபம்.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க
இரண்டு அரசுகள் எதிரெதிரே உட்கார்ந்தன.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த
ஏழாம் வாய்ப்பாடு
ஏழு வாரமும் அப்படியே இருந்தது.

நான் ஹெல்மி தம்பெர்க். தட்டச்சுக்காரி.
என் இயந்திரத்தில் ஓர் எழுத்து எப்போதும் சிக்கும்.
நகத்தால் நெம்பி விடுவேன்.

காலையில் தங்கம் பற்றிப் பேசினார்கள்.
மாலையில் ரயில் பெட்டிகள்:
எத்தனை, எந்த நிலையில்,
சக்கரத்தோடா, சக்கரமில்லாமலா.
செத்தவர்களுக்கு ஒரே ஓர் உட்பிரிவு.
கல்லறைகளை இரு தரப்பும் மதிக்க வேண்டும்.
அதில் மட்டும் தகராறே இல்லை,
இரண்டு நிமிடத்தில் முடிந்து தேநீர் வந்தது.

எதிர்த்தரப்புச் செயலாளர் ஸோட்டிகவ்
'தருவோம்' என்பதற்கும்
'தர ஒப்புகிறோம்' என்பதற்கும் நடுவே
மூன்று நாள் நின்றார்.
எங்கள் கர்னல் லீவாக்
வரைபடத்தின் மேலேயே பென்சில் சீவினார்.
சீவலை ஊதினார்.
அது எல்லைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.
இருவரும் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.
குறிப்பேட்டில் அது இடம்பெறவும் இல்லை.

கடைசி இரவு, இணைப்பு மூன்று:
எந்த ஊர் யாருக்கு என்ற பட்டியல்.
நூற்று நாற்பத்தாறு ஊர்கள்.
எண் போடச் சொல்லவில்லை யாரும்.
ஐந்து பிரதி, இடையில் நான்கு கார்பன் தாள்.
ஐந்தாவதில் எழுத்து
கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி.
பாதிப் பட்டியலில் அடுப்பு அணைந்தது.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டி எறிந்துவிட்டுத் தட்டினேன்.
எங்கோ கண் அசந்தேன்.
எங்கோ விழித்தேன்.

நள்ளிரவு தாண்டிக் கையெழுத்து.
பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம்,
அரக்கு, நாடா, கைகுலுக்கல்.
லீவாக்கின் விரலில் இருந்த மை
பாதி ஸோட்டிகவின் விரலுக்குப் போனது.
தேவாலய மணி அடித்தது.

விடியும் நேரம், வீட்டில்,
பழைய கார்பன் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
தங்கம், ரயில், கல்லறை,
பெய்ப்சி ஏரியில் மீன்பிடி உரிமை,
எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாய் அடித்து
எதையும் படிக்க முடியாத ஒரே இருட்டு.
ஊர்ப்பட்டியலுக்கு மட்டும் புதுத்தாள் போட்டிருந்தேன்.
சும்மாதான் எண்ணினேன்.
நூற்று நாற்பத்தைந்து.

வஸ்காலா இல்லை.
பதினோரு வீடு, ஒரு மரமறுக்கும் பட்டறை.
எந்தக் கரையை ஒட்டி ஓடுவதென்று
ஓடையே முடிவு செய்யாத ஊர்.

சொல்லியிருக்கலாம்.
வாய்வரை வந்தது.
தெருவில் தொப்பிகளை வானத்துக்கு வீசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடையில் வஸ்காலாவுக்கு
இந்தப் பக்கத்து வசூல்காரர் வரவில்லை.
அந்தப் பக்கத்தவரும் வரவில்லை.
பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்த இருவர்
அவரவர் பட்டியலை விரலால் தடவித் தடவித் தேடிவிட்டு
அவரவர் வழியே திரும்பிப் போனார்களாம்.
சந்தையில் வெண்ணெய் விற்க வந்த இல்மார் சொன்னான்,
சிரிப்பை அடக்க முடியாமல்.
நான் ஒன்றும் தெரியாதவள் போல
எடையைச் சரிபார்த்து வாங்கினேன்.
நல்ல வெண்ணெய். உப்பு மட்டும் சற்றுத் தூக்கல்.

ஒரு வரி விடுபட்டால்
எல்லா வரியும் விடுபடும் என்று
ஏழு வாரத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை.

மூன்றாம் வருடம்
கம்பும் சங்கிலியுமாய் எல்லை ஆணையம் போனது.
அடுத்த வாரம் என் மேசைக்கு ஓர் உறை வந்தது.
இணைப்பு மூன்றுக்குத் திருத்தம்.
ஒரே வரி.
ஐந்து பிரதி வேண்டும்.

இயந்திரம் புதிது. எந்த எழுத்தும் சிக்கவில்லை.
அறை கதகதப்பாக இருந்தது.
எழுத்தெழுத்தாக அடித்தேன்.
பிழையே இல்லை.