சமையலறைத் தரையில் நாற்பத்திரண்டு நொடி

முட்டை வேகும் நேரம் பார்க்க வாங்கிய ஸ்டாப்வாட்ச்
இப்போது விஸ்மாவுக்காக ஓடுகிறது.
குளிர்பதனப் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவே
மல்லாந்து படுத்திருக்கிறாள்,
பாதங்கள் அடுப்பைப் பார்த்து,
கண்கள் மூடி.
"ம்" என்கிறாள். அழுத்துகிறேன்.

ஸிகுல்டாவின் பனித்தடம்
எங்கள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர்.
அதைச் சுருட்டி எடுத்துவந்து
இந்த லினோலியத்தில் விரித்திருக்கிறாள்.
இடது கெண்டைக்கால் ஒரு நூல் அழுந்துகிறது,
ஒரு வளைவு போயிற்று.
வலது தோள் ஒரு மூச்சளவு தாழ்கிறது,
இன்னொன்று.
அவள் முகத்தில் காற்று அடிப்பதை நானே பார்த்தேன்,
ஜன்னல் சாத்தியிருந்தும்.

இருபத்தொன்பதாம் நொடியில் தாடை இறுகும்.
கண்ணைத் திறப்பாள்.
"கவிழ்ந்துட்டேன்."

கெட்டில்கூட அசைந்திருக்காது.
ஆனாலும் எழும்போது
முழங்கையைத் தேய்த்துக்கொள்வாள்.

ஆறு இரவுகள். அதே பதின்மூன்றாம் வளைவு.
பொறுக்காமல் கேட்டேன்:
உன் நினைப்புதானே விஸ்மா,
உன் வண்டி, உன் பனி,
நேராகப் போனதாக நினைத்துவிட்டுப் போயேன்,
யார் வந்து மறிக்கப் போகிறார்கள்?
"நீ நினைச்சுப் பாரு" என்றாள்.
"அதுவும் வழுக்கும்."

நான் வாங்கிவந்த புத்தகம் வேறு மாதிரி சொன்னது.
வேண்டியதன் படத்தைச் சுவரில் ஒட்டு,
கிடைத்துவிட்டதுபோல் சிரி,
தானே வந்து சேரும்.
ஒரு பதக்கத்தை வெட்டி ஒட்டிவைத்தேன்.
மறுநாள் அந்த இடத்தில்
கறுப்பு ரொட்டி, வெங்காயம், பல்பு ஒன்று
என்று ஒரு சீட்டு.
மேடையை நினைத்தால் தோள் இறுகுகிறதாம்.
மனப்பால் குடித்துவிட்டுப் படுத்தால்
வண்டி கனக்கிறதாம்.

செப்டம்பரில், இன்னும் பனி ஏற்றாத தடத்தில்
அவளோடு நடந்தேன். வெறும் காங்கிரீட்,
விரிசலில் ஒரு மஞ்சள் பூ.
பதின்மூன்றில் உட்கார்ந்து
சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்,
வலிக்கிற பல் எதுவென்று தேடுகிறவள்போல,
அரைமணி நேரம்.
நான் இரண்டு ஆப்பிள் தின்றேன்.

அன்றிரவு நத்தைபோல இறங்கினாள்.
நான்கு நிமிடம்.
அடுத்த வாரம் இரண்டரை.
பிறகு ஒரு வியாழக்கிழமை
நாற்பத்திரண்டு புள்ளி மூன்று.
கண் திறக்காமல் அப்படியே கிடந்தாள்.
அடுப்பில் முட்டைகள் கல்லாகியிருந்தன.

டிசம்பர் போட்டியில்
வாழைப்பழத்தில் ஊசியாகப் பதின்மூன்றில் இறங்கினாள்.
யாருமே பயப்படாத கடைசி வளைவில்
சுவரை உரசினாள்.
பதினோராம் இடம்.
"அதை நான் பார்க்கவே இல்ல" என்றாள் காரில்,
கோபமில்லாமல்,
கடையில் உப்பு வாங்க மறந்தவள்போல.

அன்றிரவு ஸ்டாப்வாட்சை அவளிடம் கொடுத்துவிட்டு
நான் படுத்தேன்.
தரை இவ்வளவு சில்லென்றிருக்கும் என்று
அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

லியபாயாவில் என் அண்ணன் அக்ரிஸ்.
அப்பாவின் படகை விற்ற பணம்.
நான்கு வருடம்.
நினைப்பிலேயே அவன் எண்ணை ஒற்றினேன்.
ஒரு மணி. அவன் கூடத்தில் விளக்கு எரிகிறது.
இரண்டு. நாற்காலி நகர்கிற சத்தம்.
மூன்றாவதில்
கண்ணைத் திறந்துவிட்டேன்.

"எங்க?" என்றாள்.
"அவன் எடுக்கறதுக்கு முன்னாடியே வெச்சுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை.
"ஒன்பது நொடி" என்றாள்.
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.
மடித்த துண்டொன்றை என் கழுத்துக்கடியில் தள்ளி,
"மெதுவாப் போ.
மணியைக்கூட மெதுவா அடிக்க விடு."