பெல்ட்டின் கடைசி முழம்

சுங்கை நிபோங்கில், தகரக் கூரைக்குக் கீழே
இரண்டு எக்ஸோரா.
ஒன்று பத்தாம் வருஷத்தது, வெள்ளி நிறம்,
நாலே கியர்.
மற்றது பதினாறு. மூக்கைக் கொஞ்சம் திருத்தி
டர்போ வைத்து
கூரையில் சின்னத் திரையும் தொங்கவிட்டிருந்தார்கள்.
அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே பேர் வைத்த வீடு மாதிரி.

கோக் செங் தமிழிலேயே விற்பான்:
"ஒரே ஓனர், அக்கா. டீச்சர். ஸ்கூல், வீடு, அவ்ளோதான்."
பினாங்கில் விலைக்கு வரும் எல்லாக் காடியையும்
ஏதோ ஒரு டீச்சர்தான் ஓட்டியிருக்கிறார்.
அவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

நேற்றிரவு குணாளன்
கரண்டு பில்லின் முதுகில் கணக்குப் போட்டான்.
பழசுக்கு பேங்க் கடன் தராது, முழுசும் ரொக்கம்.
என் கூட்டுச் சீட்டை இந்த மாசமே
கழிவு போக எடுக்க வேண்டும்.
புதுசுக்கு மாதம் ஐந்நூற்று நாற்பது, ஏழு வருஷம்.
அதற்குள் தர்வினுக்கே லைசென்ஸ் வந்துவிடும்.
"டர்போவில் ஆயில் குழாய் கசியுமாம்" என்றேன்.
"பழசில் எது கசியாது?" என்றான்.

பாயா தெருபோங் மேட்டுக்குப் பழசை எடுத்தோம்.
பிள்ளைகள் மூன்று, நாங்கள் இரண்டு,
வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போகும்
நாத்தனார் ஒருத்தி.
ஏசி போட்டால் மேடு ஏறவில்லை.
மேடு ஏறினால் ஏசி இல்லை.
பின்னால் வந்த லாரி
எங்கள் பரம்பரையையே ஹாரனில் விசாரித்தது.

புதுசு ஏறியது, ஏறியதே தெரியாமல்.
பிள்ளைகள் திரையில் வாய் பிளந்து கிடந்தார்கள்.
குணாளன் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டான்;
அப்போதே வாங்கிவிட்டான்.

கொட்டகைக்குத் திரும்பியதும்
நடு வரிசை பெல்ட்டை இழுத்தேன்.
எல்லோரும் இழுக்கிற அளவுக்கு இல்லை.
இன்னும். இன்னும்.
இனி வராது என்று அது பிடிக்கும் வரைக்கும்.

கடைசி முழத்தில் ஒரு பழுப்புக் கோடு.

அந்த நிறத்தை எனக்குத் தெரியும்.
பதினேழாம் வருஷ நவம்பரில்
சுங்கை பினாங்கு எங்கள் கூடத்துக்குள் வந்து
அன்றைய லோஷினியின் நெஞ்சு உயரத்துக்கு நின்றது.
மூன்று தடவை பெயிண்ட் அடித்தாயிற்று.
மழைக்காலத்தில் சுவர் இன்னமும் அதைச் சொல்லும்.

கோக் செங் பெல்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"கார் வாஷ் தண்ணி, அக்கா."
டேஷ்போர்டில் செராய் வாசனை டப்பா
நெடி தாங்க முடியாமல் அடித்தது.

கத்தியிருக்கலாம்.
வாய் வரைக்கும் வந்ததுதான்.

குணாளன் அந்தப் பக்கம் திரும்பி
டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே உதைத்த டயரையே.

அந்த டிசம்பரில் எங்கள் வாஜாவின் சீட்டுகளைக் கழற்றி
நாலு நாள் வெயிலில் போட்டோம்.
வாடை போக காப்பித்தூளைத் தூவினோம்.
கம்பளத்துக்கு அடியில்
நான்தான் டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
கூலிமிலிருந்து ஒருவர் வந்தார்,
மனைவியோடு, தோளில் தூங்கும் பிள்ளையோடு,
சக்கரத்தடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழத்தோடு.
தண்ணீரில் கிடந்ததா என்று அவர் கேட்கவில்லை.
கேட்காததை நாங்கள் சொல்லவில்லை.

சேறு எங்கே தங்கும் என்று எனக்குத் தெரிந்தது
அப்படித்தான்.

பெல்ட்டை விட்டேன்.
தயங்கித் தயங்கி உள்ளே போனது.
பழசின் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன்:
யார் வீட்டுப் பிள்ளையோ கடித்த பல் தடம்,
வேறொன்றுமில்லை.
சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

மேட்டில் ஏசியை நிறுத்தி
ஜன்னல்களை இறக்குகிறோம். லாரிகள் திட்டுகின்றன.
நான் கூலிமை நினைக்கிறேன்.
பிள்ளை நாற்காலி வைத்துக் கட்ட
பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுக்க வேண்டும்.
என்றைக்கு இழுத்திருப்பார்?
இழுத்துவிட்டு,
எலுமிச்சம்பழத்தோடு வந்த நாளை
மனைவியிடம் என்னவென்று சொல்லியிருப்பார்?