விளக்கு வைத்த பிறகு

பைசாந்து நகரில் ஜூன் மாதம்
ஆறு மணிக்குள் ஆற்றின் அக்கரை காணாமல் போய்விடும்.
உருகுவேயின் சட்டம் இருட்டுக்கு மரியாதை தருவது:
பொழுது சாய்ந்தால், நீதிபதியின் கையெழுத்தோடு வந்தாலும்
வீட்டுக்காரர் சரியென்று சொல்லாமல்
வாசற்படி தாண்டக் கூடாது.

என் கட்சிக்காரன் நெல்சன் பிதெகாய்ன்.
அவனுக்காக எனக்குச் சம்பளம் தருவது அரசாங்கம்.
அவன் வீட்டு யெர்பா டப்பாவின் அடியில்
ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது,
கம்பளிக் கிடங்கில் செத்துக் கிடந்த
காவலாளி ஒலெகாரியோவுடையது.
'அது எப்படி அங்கே வந்ததென்று தெரியாது' என்றான்.
நான் பேனாவை மூடும்போது
'தினமும் நான்கு நிமிடம் பிந்தும்' என்றான்.

நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.
பேனா மூடியிருந்தது.
அது ஒரு காரணமா என்றால்,
இல்லை.

சாட்சிக் கூண்டில் இளம் போலீஸ்காரர்,
கழுத்தில் புதிய சவரக் காயம்.
கொலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கதவைத் தட்டியபோது வாசல் பல்பு எரிந்ததா?
எரிந்தது.
கையில் டார்ச் இருந்ததா?
இருந்தது.
எதற்கு?
அவர் நீதிபதியைப் பார்த்தார்.
எனக்கே பாவமாக இருந்தது.

நான் கேட்டதில் பொய் ஒன்றுமில்லை.
அதையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்,
பல்லிடுக்கில் சிக்கிய நாரை
நாக்கு விடாமல் தேடுவதுபோல.

கடிகாரத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார் நீதிபதி.
கடிகாரம் போனால் வழக்கில் மிச்சம் ஏது.
நெல்சன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
சூடான கை. எல்லோர் கையையும் போல.

பேருந்து நிறுத்தத்தில் தெல்மிரா,
ஒலெகாரியோவின் மனைவி.
விலகி நிற்க வழியில்லை, வெளியே மழை.
வெகுநேரம் கழித்துத்தான் பேசினாள்:
'போன வருஷம் என் மகனைப் பிடிக்க வந்தார்கள்.
செம்புக் கம்பி. எடுத்தது அவன்தான்.
நடுராத்திரி, கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள்.
அவனுக்கு வாய்த்த வக்கீல்
அப்போது மணி என்ன என்று கேட்கவே இல்லை.'

குடையை மடக்கினாள்.
'அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?'

பேருந்து வந்தது. அவள் ஏறினாள்.
நான் அடுத்ததற்கு நின்றேன்.

வழக்கு முடிந்த பொருள் என்று
கடிகாரத்தை அடுத்த மாதம் அவளிடம் ஒப்படைப்பார்கள்.
அது பிந்தும் என்று
அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.