ஐம்பத்தைந்து கிலோ

கயிற்றை அறுக்கும்போது
மான்சா யாரோடும் பேசுவதில்லை.
கடன் வாங்கிப் பிரிக்கும் மூட்டை;
உள்ளே என்ன என்பது
அறுத்த பின்தான்.

இன்று கம்பளிக் கோட்டுகள்.
அக்ராவின் மார்ச் வெயிலில், பதினேழு.
பிறகு அக்குள் கிழிந்த சட்டைகள்,
யாரோ ஓடி முடித்த பனியன், எண் 408,
விலைச்சீட்டுகூடக் கழற்றாத ஒரு பச்சை கவுன்.

ஒரு கோட்டுப் பையில் மடித்த தாள்.
பக்கத்துக் கடை டெட்டே படித்துச் சொன்னான்:
"அலமாரி முடிந்தது. பரண், சனிக்கிழமை.
வீடு எவ்வளவு லேசாகிவிட்டது!"

மான்சா சிரிக்கவில்லை.
தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை.
பென்சிலால் இன்றைய கணக்கு:
அப்படியே விற்கும், பன்னிரண்டு.
வெட்டித் தைத்தால் விற்கும், ஒன்பது.
மீதியை எழுத இடம் போதவில்லை.

மீதி கடலுக்குத் தெரியும்.
கோர்லேயில் வலை இழுக்கிறவர்கள்
மீன் கனமா துணிக் கனமா என்று
தோளாலேயே சொல்லிவிடுவார்கள்.

சாயங்காலம் பச்சை கவுனை
மேலே வைத்துப் பார்த்தாள்.
அளவு சரி. அழகுதான்.
டெட்டேகூட "எடுத்துக்கோ" என்றான்.

"வீட்டில் இரண்டு இருக்கே" என்று
கொக்கியில் மாட்டினாள்.

விலைச்சீட்டு கொஞ்ச நேரம்
ஆடிக்கொண்டிருந்தது.