சுழி உடைந்த னா

மார்செய்யிலிருந்து பதினோரு பெட்டியில் வந்தது.
இரண்டு சலங்கை ஒன்றாய்க் கட்டித்தான்
பெரிய சக்கரத்தைக் கரையேற்றினார்கள்.
இறக்கியவர்களில் ஒருவன் தேசப்பன்.
அதைச் சுற்றும் வேலைக்கும் அவனே சேர்ந்தான்,
வாரம் பன்னிரண்டு பணத்துக்கு.

பழைய கைப்பிடி அச்சில் மணிக்கு நூறு தாள்,
இரண்டு பேர் தோள் கழன்றால்.
இது அறுநூறு, என்றார் முசே சவரிராயர்.
யார் தோளில் அறுநூறு என்று
விலைச்சீட்டில் போட்டிருக்கவில்லை.

மை உருளை
வஜ்ஜிரமும் வெல்லப்பாகும் காய்ச்சி வார்த்தது.
வெயிலில் இளகும். எறும்பு தேடி வரும்.
ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு
பணக்கார வீட்டுப் பிள்ளைபோல் பகலெல்லாம் தூங்கும்.
பத்திரிகை எங்களுக்கு இரவு வேலை.

அந்தக் கார்த்திகைச் சனிக்கிழமை
கடைசிப் பக்கத்தில் நாலு விரல் இடம் காலி.
பதினோரு மணிக்குத் துறைமுகக் கச்சேரியிலிருந்து சீட்டு:
சலங்கு கவிழ்ந்தது. ஐந்து பேர்.
கோத்துக்கொண்டே வந்தேன், வலமிடமாக.
நாலாவது பெயர் மன்னாதன், வீராம்பட்டினம்.
தேசப்பனின் தம்பி.

னா அப்போது ஒரே அச்சு, சுழித்த வாலோடு.
என்னிடம் இருந்தவை
சீனாப் பட்டிலும் மீனாட்சி கல்யாண நாடகத்திலும்
போய் உட்கார்ந்துவிட்டன.
பெட்டி மூலையில் ஒன்று, சுழி உடைந்தது.
அதையே வைத்தேன். ஆப்பு இறுக்கினேன்.

சாயங்காலமே வந்துவிட்டவன்; யாரும் சொல்லியிருக்கவில்லை.
எழுத்தும் தெரியாது.
எண்ணூறு தாள், ஐந்தரை ரயில்.
சொன்னால் சக்கரம் நிற்கும்.
இருநூறு ஆகட்டும் என்றிருந்தேன்.
இருநூறு ஆனதும், முந்நூறு.

முந்நூற்றுச் சொச்சத்தில் அவனே நிறுத்தினான்.
ஒரு தாளை விளக்கடியில் பிடித்து
மை படாத விரலாய்த் தேடி
சுண்டுவிரலால் தொட்டான்.
"இங்க பாரு அடைக்கலம்,
இது மட்டும் எல்லாத் தாள்லயும் வாலறுந்து விழுது.
காசு குடுத்து வாங்குறவன் ஏசமாட்டானா?"

தெரியும், என்றேன்.
வேறு இல்லை, என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.

சரியென்று கைப்பிடிக்குப் போனான்.
அதற்குப்பின் ஒவ்வொரு தாளுக்கும்
அந்த வரி உருளைக்கு அடியில் வரும்போது
கொஞ்சம் மை கூடுதலாய்ப் பிடிக்கட்டுமென்று
ஒரு மூச்சு நிதானித்துச் சுற்றினான்.
எண்ணூறு முடியும்வரை.

கட்டுகளோடு ஸ்டேஷன் சேர்ந்தபோது
ஐந்தரை ரயில் போயிருந்தது.