முந்தினில்

என் நாவலில் வரும் ஊரின் பெயருக்கு
வாசகர்கள் வேர் தோண்டுகிறார்கள்.
'முந்து இல்', அதாவது ஆதி வீடு என்கிறார்
ஓசூர்த் தமிழாசிரியர் ஒருவர்,
சான்றுக்கு நான்கு பக்கம் இணைத்து.
'முந்தி நில்' என்பது போர்க்கட்டளையாம்,
சேலத்துப் பையன் வாளே வரைந்து அனுப்பிவிட்டான்.
முந்திரிக்காட்டையும் ஒருத்தர் விடவில்லை.
எல்லாருக்கும் 'அருமை' என்று பதில் போட்டேன்.

நடந்தது இது.
பெங்களூருக்கு வந்த மூன்றாம் நாள்.
பீன்யாவில் பேரிங் கம்பெனி, கணக்குப் பிரிவு.
மகாலட்சுமியில் மெட்ரோ ஏறினேன்.
ஒரு பெண்குரல்:
முந்தின நில்தாண, சாண்டல் சோப் ஃபேக்டரி.
இங்கிலீஷில் சொன்னதைக் கூட்டம் தின்றுவிட்டது.
முந்தின நிறுத்தமா?
தாண்டி வந்ததையெல்லாம் பேர் சொல்லி
வழியனுப்பும் ரயில்!
என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கொரகுண்டெபாள்யா விட்டதும்
முந்தின நில்தாண, பீன்யா.
போச்சு, தவறவிட்டேன்.
வண்டி நின்றதும் தோளால் இடித்து இறங்கி,
திரும்பிப் போக எதிர்ப்பக்கம் ஓடினால்
தலைக்கு மேல் பலகை:
பீன்யா.

அன்று ராத்திரி
கம்பெனி லெட்ஜரின் பின்பக்கத்தில்
நில்தாணத்தின் வாலை நறுக்கினேன்.
முந்தினில்.
தாண்டிய பிறகுதான் கண்ணில் படும் ஊர்.
அதைத் தேடிப் போகும் வேழினி
குதிரையின் வாலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்
மூன்று பாகமாக, ஆயிரத்து நூறு பக்கம்.
கழுத்து வலிக்கே ஒரு அத்தியாயம் உண்டு.

போன வாரம் மாலதேஷ் கூப்பிட்டார்,
ஹாவேரிக்காரர், கன்னடத்தில் மொழிபெயர்ப்பவர்.
சங்கடமாகச் சிரித்தார்.
"மேடம், எங்களுக்கு முந்தின என்றால்
அடுத்தது. இனிமேல் வருவது.
வேழினி எந்தப் பக்கம் பார்த்து உட்காரட்டும்?"

எட்டு வருஷமாக அதே ரயிலில் போகிறவள்.
எனக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது.
அவளுக்குத்தான் சொல்லவில்லை.

திருப்பி உட்காரவையுங்கள் என்றேன்.
போனை வைத்த கையோடு பொறாமை வந்தது.
கன்னடத்தில் அவள் முகத்தில் காற்று அடிக்கும்.
கழுத்து வலி அத்தியாயத்தை என்ன செய்வார் என்று
கேட்க மறந்துபோனேன்.

இன்று காலை மகாலட்சுமியை விட்டதும்
அந்தக் குரல் வாயெடுக்குமுன்
சந்தன சோப்பு வாசனை
முந்திக்கொண்டு உள்ளே வந்தது.